நகரத்தார் மலை

ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றனர். அவ்வூரை ஏதேனும் ஒரு புராணத்தோடு முடிச்சுப் போட்டுவிடுவது ஒன்று. அதனைத் தம் குலத்தாரின் தனிச் சொத்தாக எழுதி வைத்துக்கொள்வது மற்றொன்று. நார்த்தாமலைக்கு இவ்விரண்டு கதியும் நேர்ந்திருக்கின்றன. நாரத முனிவர் தங்கியிருந்ததால் நாரதமலை என்று பெயர் வந்ததாம். அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து சென்றபோது உதிர்ந்த துணுக்குகளே ஊரைச் சூழ்ந்துள்ள ஒன்பது குன்றுகளாம். இவை முதல் வழியில் பிறந்த கதைகள், கேட்க இனிமையானவை, எவரையும் புண்படுத்தாதவை. இரண்டாம் வழி அத்தகையதன்று. அதன் கவர்ச்சி என்னைப் போன்ற ஒருவனையும் எவ்வாறு வந்து தொடும் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் இக்குன்றுகள் கண்ணிற் படத் தொடங்குகின்றன. மரம் செடி அடர்ந்த மலைகள் அல்ல. வெயிலில் வெளுத்தும், மழைநீர் வழிந்த இடங்களில் கறுத்தும், யானைகள் படுத்துக் கிடப்பது போலத் தோன்றும் வெறும் பாறைகள். மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, பறையன்மலை, உவச்சன்மலை, ஆளுருட்டிமலை, பொம்மைமலை, மண்மலை, பொன்மலை என்று அவற்றுக்குப் பெயர்கள். குற்றவாளிகளை உச்சியிலிருந்து உருட்டிவிட்ட இடம் ஆளுருட்டிமலை என்பது ஊரார் கூற்று. எந்த அரசன் அவ்வாறு உருட்டினான், என்ன குற்றத்துக்காக என்று கேட்டால் எவரும் விடை கூறுவதில்லை. ஆயினும் பெயரை மாற்ற எவருக்கும் மனம் வரவில்லை.

இத்தாலி நாட்டில் குன்றின் உச்சியிலேயே வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த சிற்றூர்கள் பலவுண்டு. ரோமாபுரிக்கு வடக்கே சிவிதா தி பான்யோரேஜியோ என்னும் ஊரைப் பற்றி நம்மிற் சிலர் படித்திருக்கக்கூடும். எட்ருஸ்கர் என்னும் பழங்குடியினர் 2,500 ஆண்டுகளுக்கு முன் அமைத்த ஊர் அது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறையின் மீது அது நிற்கிறது. 1695இல் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் குடிகள் அக்கம்பக்கத்து ஊருக்கு இறங்கிப் போகலாயினர். இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே மேலே வசிக்கின்றனர். அங்கே காலடிப் பாறை கரைந்து கொட்டுவதால் மனிதர் வெளியேறினர். நார்த்தாமலையின் கதை இதற்கு நேர்மாறு. இங்கே பாறை அசையவில்லை. மனிதர்தாம் மாறி மாறி வந்து போயினர். நம்மவர் குன்றின் உச்சியில் தெய்வங்களையும் துறவிகளையும் குடியேற்றிவிட்டுத் தாம் அடிவாரத்தில் கண்மாய்க்கும் வயலுக்கும் அருகே வாழ்ந்தவர்கள். ஆதலின் மேலே கிடப்பது குடியிருப்பின் எச்சம் அன்று. அடிவாரத்தில் வாழ்ந்தோர் ஏறிவந்து எழுதிவிட்டுப் போன கணக்கு.

நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை என மருவிற்று என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. சோழர் காலத்தில் வேளாண் குடிகளின் அவைக்கு ‘ஊர்’ என்றும், பிராமணர் அவைக்கு ‘சபை’ என்றும், வணிகர் அவைக்கு ‘நகரம்’ என்றும் பெயர். நகரத்தார் என்றால் அந்நகர அவையைச் சேர்ந்த வணிகர் என்பதே பொருள். முதலாம் இராசராசன் காலத்தை ஒட்டித் தெலுங்ககுலகாலபுரம் என்றும், பின்னர்க் குலோத்துங்கசோழப்பட்டினம் என்றும் கல்வெட்டுகள் இவ்வூரை அழைக்கின்றன. கடலுக்கு நெடுந்தொலைவில், பாறைகளுக்கு நடுவே கிடக்கும் ஓர் ஊருக்குப் ‘பட்டினம்’ என்று பெயரிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அரசனின் பட்டப் பெயரை ஊருக்குச் சூட்டுவது எளிது; அப்பெயரை நிலைக்கச் செய்வது கடினம். இராசராசனும் குலோத்துங்கனும் தந்த பெயர்கள் கல்லோடு நின்றுவிட்டன. வணிகரின் பெயர் மட்டுமே மக்கள் நாவில் தேய்ந்து தேய்ந்து இன்றும் வழங்குகிறது. தேய்ந்தது என்றாலே புழங்கியது என்றுதானே பொருள்!

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். செட்டிநாட்டு நகரத்தார் தம் பூர்விகம் காவிரிப்பூம்பட்டினம் என்பர். இம்மலையின் பழைய நகரத்தாரும் அவர்களும் ஒருவரே என்று பெயரொற்றுமையை மட்டும் கொண்டு சாதிப்பார் உண்டு. பெயரொற்றுமை உறவுக்குச் சான்றாகாது.

மேலமலையின் சரிவு ஏறுவதற்கு எளிது, ஆனால் நிழலில்லை. அடுத்தடுத்துக் குழைந்து ஏறும் பாறையின் மேல் நடந்து, இரண்டு சுனைகளைக் கடந்து திரும்பியதும், விசயாலய சோழீசுவரம் திடீரென்று எதிரே நிற்கிறது. சதுரமான புறச்சுவருக்குள் வட்டமான கருவறை. மேலேயும் வட்டமான கழுத்தும் வட்டமான முடியும். அதனைச் சுற்றிச் சிற்றாலயங்கள். தஞ்சையில் 1010இல் இராசராசன் எழுப்பி முடித்த விண்முட்டும் விமானத்துக்கு முன்னோடிகளில் ஒன்று இது என்று கலைநூலார் போற்றுவர். அப்பெருங் கோயிலுக்கான கற்களே இச்சுற்றுவட்டாரத்திலிருந்துதான் சென்றன என்ற கருத்தும் அறிஞர் பலரிடம் உண்டு.

சோழப் பேரரசை நிறுவிய விசயாலயன் பெயரைத் தாங்கியிருந்தாலும், இக்கோயிலை அவன் கட்டியதாக இங்குள்ள பழைய கல்வெட்டு கூறவில்லை. வாயிற்காவலர் சிற்பத்தின் கீழே சில வரிகள் உள்ளன. சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் இக்கற்றளியை எடுப்பித்தார் என்றும், மழையால் இடிந்து அழிந்த அதனை மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் புதுக்கினான் என்றும் அவை தெரிவிக்கின்றன. முத்தரையர் குலத்துச் சிற்றரசர் எழுப்பினர். பேரரசனின் பெயர் நிலைத்தது. உலக வழக்கம் அதுதான். என்னை அவ்விடத்தில் நிறுத்தியது அதுவன்று. ‘மழை’ என்னும் அந்தச் சொல். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவனுக்கு மழை என்பது ஏங்கிக் காத்திருக்கும் விருந்தாளி. அவ்விருந்தாளி ஒருமுறை வந்து கற்கோயிலையே இடித்துவிட்டுப் போயிருக்கிறான். படையெடுப்பு, தீ, பகைவர் என்று அழிவுகளுக்குக் காரணம் தேடுவோர் இந்த ஒரு கல்வெட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கோயில் மேற்கு நோக்கி நிற்கிறது. அதற்கு எதிரே செங்குத்தாக எழும் பாறையில் இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலி ஈசுவரம். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டில், விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி இதனைக் குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபமும் காளையும் பலிபீடமும் அமைத்தாள். தந்தை பாறையைத் தோண்டி உள்ளே சென்றான். மகள் அதே பாறையிலிருந்து வெளியே வந்து ஒரு முற்றத்தைக் கூட்டினாள். பாறையின் அடியில் குந்தி அவ்வரிகளின் மேல் விரலை ஓட்டியபோது எனக்குள் ஒரு கூச்சம் எழுந்தது. என் குடும்பத்தின் வமிசாவளியை முன்னோர் ஒருவர் தாளில் எழுதி வைத்திருக்கிறார். ஏழு தலைமுறை ஆண்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. நம் பெண்மணிகளின் மஹரும் சொத்துரிமையும் பற்றி மேடைகளில் பெருமை பேசுகிறோம். பெயரை எழுத மறந்துவிட்டோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சிறியநங்கையின் பெயர் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது.

பெரிய குடைவரைக்கு இன்றும் ‘சமணர் குடகு’ என்றே பெயர். உள்ளே சென்று பார்த்தால் சமணர் சின்னம் எதுவும் கண்ணிற் படவில்லை. சுவர்களில் திருமாலின் பெரிய உருவங்கள் பன்னிரண்டு, ஒன்றுபோல மற்றொன்று, கைகளில் ஆயுதம் ஏந்தி நிற்கின்றன. சமணத் துறவியர் இருந்த குகையே பின்னர் வைணவக் கோயிலாயிற்று என்பது ஆராய்ந்தோர் முடிபு. 1228ஆம் ஆண்டை, அதாவது மாறவர்மன் சுந்தரபாண்டியனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு இதற்குப் ‘பதினெண்பூமி விண்ணகரம்’ என்று பெயர் கூறுகிறது. பதினெண்பூமி என்பது மன்னனின் பட்டம் அன்று. நாடு பலவற்றிலும் சென்று வணிகம் செய்த குழுவினர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். ஆக, குகையின் சமயத்தை மாற்றியதில் வணிகர் பணத்துக்கும் பங்கு இருந்தது என்று கருத இடமுண்டு.

இதை எழுதும்போது கை சற்றே தயங்குகிறது. எந்த ஆலயத்துக்கு அடியில் எது இருந்தது என்று தோண்டிப் பார்த்து, அதைக் கொண்டு இன்று வாழ்வோர் மீது வழக்குத் தொடுக்கும் காலம் இது. சமணர் குடகு அவ்வழக்குகளுக்கு ஒரு சான்றாகப் பயன்பட வேண்டும் என்று நான் விரும்பவில்லை. ஆனால் இவ்வூரார் ஒன்றைச் செய்திருக்கின்றனர். உள்ளே திருமால் நின்று எண்ணூறு ஆண்டுகள் ஆன பின்னும் அவ்விடத்தைச் சமணர் பெயராலேயே அழைக்கின்றனர். ஏட்டைப் படித்து அழைக்கவில்லை. பாட்டி சொன்னபடி அழைக்கின்றனர். இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளும், கிறித்துவுக்கு முற்பட்டதெனக் கருதப்படும் தமிழி எழுத்துகளும் காணக் கிடைக்கின்றன. இப்பாறை நாட்டின் மிகப் பழைய குடியிருப்பாளரில் சமணரும் ஒருவர் என்பதை அவை காட்டுகின்றன.

இனி வணிகருக்கு வருவோம். இவ்வூரின் உயிர்நாடி அவர்களே. திசையாயிரத்து ஐந்நூற்றுவர், நானாதேசிகள், பதினெண்விடயத்தார் என்றெல்லாம் பெயர் கொண்ட பெருங்குழு கருநாடகத்து ஐகோளேயைத் தம் தாய்நகராகக் கூறிக்கொண்டு தென்னாடெங்கும் பரவியிருந்தது. அருகிலுள்ள கொடும்பாளூரில் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழு இருந்தது. சோழநாட்டிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் கொடும்பாளூர் உண்டென்பதைச் சிலப்பதிகாரம் படித்தோர் அறிவர். நார்த்தாமலை அவ்வழிக்கு எட்டிய தொலைவில், காவற்காடு போன்ற குன்றுகளின் அரணும் சுனை நீரும் கொண்டு நின்றது. சரக்குப் பொதிகளை இறக்கி வைக்க வணிகனுக்கு வேறென்ன வேண்டும்?

இக்குழுவினரின் கை எதுவரை நீண்டது என்பதற்கு ஒரு சான்று சுமத்திராத் தீவில் உள்ளது. அத்தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்னும் ஊருக்கு அருகே 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்தது. அதன் காலம் 1088. ஐந்நூற்றுவர் அங்கே கூடி, வந்திறங்கும் மரக்கலத்தார் கத்தூரி விலைக்கு ஒப்பப் பொன் செலுத்த வேண்டும் என்று முடிவு செய்ததை அது கூறுகிறது. ஊரின் பெயரை அவர்கள் ‘வரோசு’ என்று எழுதியிருக்கின்றனர். பாரூஸ் எதற்குப் பெயர்பெற்றது? கற்பூரத்துக்கு. அங்கே விளைந்த கற்பூரத்தை அராபியர் ‘ஃபன்சூரி’ என்று அழைத்து எடைக்கு எடை மதித்தனர். சுவனவாசிகளுக்கு வழங்கப்படும் பானத்தில் காஃபூர் கலந்திருக்கும் என்று திருமறையின் ‘இன்ஸான்’ அத்தியாயம் கூறும்போது, அச்சொல்லைக் கேட்ட மக்கா நகரத்து வணிகனின் மனத்தில் கீழ்க்கடல் மரங்களின் மணம் எழுந்திருக்க வேண்டும். அதே பொருள் இங்கே கோயிலில் எரிந்தது. நம்முடைய மையித்தின் கஃபனிலும் தூவப்படுகிறது. ஒரே பண்டம், எத்தனை வாசல்கள்!

கற்பூரத்தைப் பற்றி நான் இத்துணை நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் தந்தைவழிப் பாட்டனார் நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவில் ஆண்டுதோறும் கடை போட்டவர். கற்பூரம், சாம்பிராணி, ஊதுவத்தி, கண்ணாடி வளையல் இவையே சரக்கு. இரட்டை மாட்டு வண்டியில் சரக்கேற்றிக்கொண்டு பூச்சொரிதலுக்கு முன்பே போய்விடுவார். தேர் நிலைக்கு வந்த பிறகே வீடு திரும்புவார். அவருடைய கணக்குச் சுவடிகளில் ஒன்று எங்கள் பரணில் கிடைத்தது. சிவப்புத் துணி அட்டை, நீண்ட ஏடு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 786. அதன் கீழே கற்பூரப் பொட்டலங்களின் வரவு, விற்பனை, கடன். ‘மலையம்மா பேத்தி, வளையல், பாக்கி’ என்பது போன்ற வரிகள். புதுக்கோட்டை தனி அரசாக இருந்த காலமாதலின், சில்லறைகள் அம்மன் காசில் எழுதப்பட்டுள்ளன. ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் ‘விஜய’ என்னும் தெலுங்கு எழுத்து. இருபது கொடுத்தால் ஓரணா. ஐவேளை தொழுத ஒரு மனிதர் அம்மனின் உருவம் பொறித்த காசை எண்ணி, 786இன் கீழே எழுதியதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகச் சுவடியில் தெரியவில்லை. காசு காசுதான், ஈமான் ஈமான்தான்.

ஒவ்வோர் ஆண்டின் கணக்கிலும் முதற் செலவு ஒன்றே: ‘மகமை’. கடைக்காரர் அனைவரும் விற்பனைக்கு ஏற்ப ஒரு சிறு தொகையைப் பொதுவில் ஒப்படைப்பர். அதில் கோயிலுக்கு ஒரு பங்கு, தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு பங்கு. பாட்டனார் தம் பங்குக்கு ஊர்ப் பள்ளிவாசல் விளக்குக்கும் தனியாக ஒரு மகமை ஒதுக்கியிருக்கிறார். வணிகக் குழுக்களின் பழைய கல்வெட்டுகளில் ‘பட்டணப்பகுடி’ என்று வரும் வரியின் வழிவந்தது இவ்வழக்கம் எனலாம். பொதிக்கு இவ்வளவு, கட்டுக்கு இவ்வளவு என்று வணிகர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கொடை அது. சுமத்திராவில் மரக்கலத்தாரிடம் வாங்கிய பொன்னும், நார்த்தாமலைச் சந்தையில் பாட்டனார் எண்ணி வைத்த காசும் ஒரே கொடியில் காய்த்தவை.

இப்போது முன்னர்ச் சொன்ன கவர்ச்சிக்கு வருகிறேன். ஒன்பது குன்றுகளில் ஒன்று உவச்சன்மலை. உவச்சன் என்றால் கோயிலில் பறையும் மேளமும் கொட்டுவோன் என்பது கல்வெட்டுகள் பலவற்றில் தெளிவாக விளங்கும் பொருள். ஆனால் தமிழ் அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்குச் சோனகன் என்றும் ஒரு பொருள் தரப்பட்டிருக்கிறது. சோனகர் யார் என்பதை நம் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, ஐந்நூற்றுவரோடும் மணிக்கிராமத்தாரோடும் கூடவே ‘அஞ்சுவண்ணம்’ என்னும் குழுவும் பேசப்படுகிறது. மேற்காசியாவிலிருந்து வந்த யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் கூடிய வணிகக் குழு அது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், 849ஆம் ஆண்டளவில், சாட்சியிட்டோர் கூஃபி எழுத்திலும் பகலவியிலும் எபிரேயத்திலும் கையெழுத்திட்டுள்ளனர். தொண்டிக்கு அருகே தீர்த்தாண்டதானத்துக் கல்வெட்டிலும் அஞ்சுவண்ணம் வருகிறது. இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்து, உவச்சன்மலையை மறு தட்டில் வைத்தால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மலையொன்று நம்மவர் பெயரைத் தாங்கி நின்றது என்று எழுதிவிடத் தோன்றும். மாநாட்டு மலர்களில் அப்படி எழுதினால் கைதட்டல் கிடைக்கும்.

நான் அதை எழுதப் போவதில்லை. கோயில்கள் நிறைந்த ஓர் ஊரில் மேளக்காரருக்கு மானியமாகக் கிடைத்த மலைக்கு அவர் பெயர் இருப்பதுதான் இயல்பு. அகராதியின் இரண்டாம் பொருளை நம் வசதிக்காக முதற்பொருளாக்குவது நிறுவையில் கை வைப்பதற்கு ஒப்பாகும். அளவை நிறுவைகளில் மோசம் செய்வோருக்கு வரும் கேட்டைப் பற்றித் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. வரலாற்றை நிறுப்பதற்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டா? அஞ்சுவண்ணத்தார் சரக்கு இவ்வூர்ச் சந்தைக்கு வந்திருக்கும். பாண்டியர் குதிரைகள் அராபியக் கரையிலிருந்து நம்மவர் வழியாக வந்திறங்கியதை வஸ்ஸாஃப் போன்ற பாரசீக வரலாற்றாசிரியர்களே எழுதியுள்ளனர். அந்த அளவு மெய்யே நமக்குப் போதும். கொஞ்சமாயினும் சரியான எடை.

நிறுவை நேராக இருக்க வேண்டுமென்றால் மற்றொன்றையும் எழுதியாக வேண்டும். 1311இல் மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்து சென்றது. 1323இல் டில்லிப் படை மீண்டும் வந்தது. பின்னர் மதுரையில் ஒரு சுல்தானகம் ஏற்பட்டு 1378 வரை நீடித்தது. நம் மாவட்டத்து ராங்கியம், பனையூர்க் கல்வெட்டுகளில் ‘சுரத்தான்’ என்னும் சொல் ஆள்பவரின் பெயராகவே அமர்ந்திருக்கிறது. அவ்வாட்சியைப் பொற்காலம் என்று கூற எனக்கு மனமில்லை. அதன் சுல்தான்களில் ஒருவரான கியாதுத்தீன், பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு அருவருத்து எழுதி வைத்தவர் வேறு எவருமல்லர்; அவருடைய விருந்தினராக வந்திருந்த இப்னு பதூதாவே. ஆனால் நார்த்தாமலையின் வணிகம் மங்கியதற்கு அந்தப் படைகள் மட்டுமே காரணம் என்பாரோடும் நான் உடன்படவில்லை. படை வருமுன்னரே பாண்டிய இளவரசர் இருவர் அரியணைக்காக நாட்டைப் பிளந்திருந்தனர். பெருவழிகளில் காவல் குலைந்தது. காவல் குலைந்த வழியில் பொதிமாடு போகாது. பொதிமாடு வராத நகரம் சில தலைமுறைகளில் ஊராகிவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. அதற்குப் பின் பல்லவராயர், அவருக்குப் பின் தொண்டைமான்கள். அக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை; ஒரு சுனையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். மேலமலையில் தலையருவிச் சிங்கம் என்றொரு சுனை உண்டு. அதன் நீருக்கடியில் பாறையைக் குடைந்து அமைத்த ஒரு சிறு கோயிலும் இலிங்கமும் மூழ்கிக் கிடக்கின்றன. 1857இல் அச்சுனை நீர் முழுவதையும் இறைத்துவிட்டு இராமச்சந்திரத் தொண்டைமானின் இராணியார் உள்ளே சென்று வழிபட்டார் என்று அருகிலுள்ள கல்வெட்டுத் தெரிவிக்கிறது. வடக்கே சிப்பாய்கள் ஆங்கில அரசைக் கலங்கடித்த அதே ஆண்டு! இங்கே ஏற்றக்காரர் நீர் இறைத்துக்கொண்டிருந்தனர். வரலாற்று நூல்கள் எல்லா ஊருக்கும் ஒரே ஆண்டை ஒரே பொருளில் எழுதுகின்றன. ஊர்கள் அவ்வாறு வாழ்வதில்லை.

சிறிய அரசாயினும் புதுக்கோட்டை அரசு ஒரு நற்காரியம் செய்தது. 1910இல் அருங்காட்சியகம் அமைத்தது. 1929இல் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளின் மூலங்களை அச்சிட்டு வெளியிட்டது. 1948 மார்ச்சில் அரசு இந்தியாவோடு இணைந்தது. அம்மன் காசு செல்லாக் காசாயிற்று. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. படியெடுத்த அத்தாள்கள் இல்லையென்றால் சிறியநங்கையின் பெயரை நான் எழுத்துக்கூட்டிப் படித்திருக்க மாட்டேன். பாறையின் மேல்தோல் வெயிலிலும் மழையிலும் வெங்காயச் சருகு போல உரியும் இயல்புடையது. சில வரிகள் அச்சில் தெளிவாக இருக்கின்றன, மலையில் மங்கிவிட்டன.

நான் சென்ற நாளில் கோயிலைச் சுற்றிப் பார்த்து முடிக்கையில் அஸர் நேரம் நெருங்கிவிட்டது. ஆலய எல்லைக்கு அப்பால், சரிவில் நெடுந்தொலைவு இறங்கி வந்து, கையிலிருந்த புட்டித் தண்ணீரில் ஒளூச் செய்து, மேல்துண்டை விரித்துத் தொழுதேன். துண்டையும் கடந்து பாறையின் சூடு நெற்றியில் ஏறிற்று. ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் கோலை ஊன்றி நின்றுகொண்டு, துண்டின் பக்கம் வந்த குட்டிகளை அதட்டி விலக்கிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

“ராவுத்தரே, எல்லாரும் போட்டோப் புடிக்க வருவாக. நீங்க என்னமோ பாறைய மோந்து மோந்து பாத்தீகளே?” என்றார்.

எழுத்தைப் படித்ததாகச் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மழையில் இடிந்த கோயிலை ஒருவர் திரும்பக் கட்டியதைச் சொன்னேன். அது அவருக்குப் பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. மழையில் இடிந்த வீட்டைத் தாம் இரண்டு முறை கட்டியிருப்பதாகக் கூறினார்.

தொலைவில் எங்கோ வெடிச்சத்தம் கேட்டது. ஆடுகள் தலை தூக்கவில்லை, பழகிப்போயிருக்கின்றன. இவ்வட்டாரத்தில் கல் வெட்டுவது புதிய தொழிலன்று. தீ மூட்டிப் பாறையின் பாளத்தைப் பெயர்த்து, உளியால் பிளந்து எடுத்தவர்களின் ஊர்கள்தாம் இவை. அன்று பெயர்த்த கல் தூணாயிற்று, படியாயிற்று, ஆட்டுக்கல்லாயிற்று. இன்று வெடி வைத்துப் பெயர்ப்பது அரவை இயந்திரத்துக்குள் போய்ச் சல்லியாக வெளிவருகிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டருக்குத் தடையும், அதற்கப்பால் இருநூறு மீட்டருக்குக் கட்டுப்பாடும் சட்டத்தில் உண்டு. சின்னத்துக்கு அளந்து விட்ட அந்த முந்நூறு மீட்டருக்கு வெளியே நிற்கும் குன்றுக்குப் பெயரும் உண்டு, கதையும் உண்டு. காவல் மட்டும் இல்லை.

“ஆத்தா, அந்தச் சத்தம் வரும் பக்கம் இருக்கிற மலைக்கு என்ன பேர்?” என்று கேட்டேன்.

அவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து அத்திசையைப் பார்த்தார். “எங்க அய்யா காலத்துல அங்கிட்டு ஒரு பொடவு உண்டு ராவுத்தரே. மழை வந்தா அதுக்குள்ளதான் ஆடுகள அடைப்போம். இப்பப் பள்ளமாக் கெடக்கு, தண்ணி நிக்குது” என்றார். பிறகு குட்டிகளை எண்ணத் தொடங்கினார்.